கோயில் விறகுக்குக் கருவி வாங்கப் போய் 7,650 ரேண்டைப் பறிகொடுத்தோம்: டர்பன் தமிழர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை அந்தக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன். கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கிவிட்டால் எழுத மனம் வராது என்பதால் இப்போதே எழுதிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கப் பணத்தில் 7,650 ரேண்ட். என் சொந்தப் பணமாக இருந்திருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு போயிருப்பேன். இது கோயில் பணம்.

எங்கள் அம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று தீமிதி. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்த முன்னோருக்கு ஈஸ்டரில்தான் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தது. அதனால் இந்த ஊர்த் தீமிதி அந்த நாளோடு ஒட்டிக்கொண்டது. விறகுப் பொறுப்பு மூன்றாண்டாக என்னுடையது. பச்சை மரம் புகையுமே தவிரத் தணலாகாது. மாதக் கணக்கில் காய வேண்டும். பழைய பலகை, சரக்குப் பெட்டிக் கட்டை என்று மலிவாகக் கிடைப்பதையும் குழியில் போட முடியாது. கட்டை எரிந்துவிடும், ஆணி எரியாது. தணலுக்குள் பழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓர் ஆணியின் மேல் விரதமிருந்து வந்தவர் கால் வைத்தால் என்ன ஆகும்?

இந்த முறை நல்ல வாய்ப்பு வந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டி ஒரு பண்ணைக்காரர் தன் நிலத்தில் மண்டிக் கிடக்கும் வாட்டில் மரங்களை வெட்டி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊட்டிப் பக்கம் சீகை என்கிறார்களே, அதே மரம்தான். பட்டையில் தோல் பதனிடும் சத்து இருப்பதால் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். இன்று அது ஓடைகளின் நீரைக் குடித்துப் பரவும் களை மரம். நீர் குடிக்கும் அந்நிய மரங்களை அழிக்க 1995 முதல் அரசே தனித் திட்டம் நடத்துகிறது. விறகுக்கோ இது தங்கம். நேராகப் பிளக்கும், நின்று எரியும், தணல் கெட்டியாக இருக்கும். மரம் இலவசம். கருவி மட்டும் வேண்டும்.

கோயிலில் வசூல் செய்தோம். ஐம்பது, நூறு என்று கொடுத்தார்கள். முதியோர் உதவித்தொகையில் வாழும் ஓர் ஆயா, கைக்குட்டை முனையில் முடிந்து வைத்திருந்த 20 ரேண்ட் நோட்டைப் பல்லால் முடிச்சவிழ்த்து எடுத்துக் கொடுத்தார். அந்த நோட்டும் அந்தக் கல்லாப்பெட்டிக்குள்தான் போயிருக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. டர்பனுக்கு வடக்கே ஒரு தொழிற்பேட்டையில், இறக்குமதிக் கருவிகளை மலிவு விலைக்குத் தருவதாக இணையச் சந்தையில் விளம்பரம் செய்யும் கடை. உள்ளே நுழைந்ததும் கல்லாவுக்கு மேல் முருகன் படம், ஊதுவத்தி. நெற்றியில் திருநீறோடு கடைக்காரர் எழுந்து வந்து கைகூப்பி, "வணக்கம் அண்ணா" என்றார். இங்கே பிறந்தவர். தமிழ் நாலைந்து சொற்கள்தான் வரும், மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆனால் அந்த "அண்ணா" வாய் நிறைய வந்தது. தீமிதிக்கு விறகு என்றேன். உடனே முருகன் படத்தைத் திரும்பிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோயில் காரியத்தில் நான் கை வைப்பேனா அண்ணா?" என்றார். அந்த நொடியில் நான் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டன. நம் ஆளிடம் சந்தேகமாகக் கேட்டால் அவமானப்படுத்துவது போலாகிவிடுமே என்று தோன்றியது. இருபது ஆண்டாக இந்த ஊரில் இருக்கிறேன். வேற்று இனத்தார் கடையில் இப்படிக் கூச்சப்பட்டிருக்க மாட்டேன்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் சங்கிலி ரம்பம் 4,900 ரேண்ட். விறகு பிளக்கும் கோடரி 1,150. சம்மட்டி 700. இரும்பு ஆப்பு இரண்டு 600. எண்ணெயும் உபரிச் சங்கிலியும் 300. ஆக 7,650 ரேண்ட். ரம்பத்தைக் கடை வாசலில் வைத்துக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பிலேயே சீறிக்கொண்டு கிளம்பியது. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ஆனால் ஓட்டிக் காட்டியது காட்சிக்கு வைத்திருந்த ரம்பம். எனக்குக் கொடுத்தது உள்ளேயிருந்து எடுத்து வந்த ஒட்டிய பெட்டி. ரசீது ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் கையால் எழுதியது. "கருவிகள், 7,650" என்று ஒரே வரி. மாதிரி எண் இல்லை, வரிசை எண் இல்லை. வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஏழு பேர் பேக்கி என்னும் சிறு சரக்கு வண்டிகள் இரண்டில் பண்ணைக்குப் போனோம். முதல் மரம் விழுந்தது. இரண்டாவது மரத்தில் சங்கிலி தொய்ந்தது, இறுக்கினேன். மீண்டும் தொய்ந்தது. பிறகு புகை. சங்கிலி ஓடும் பட்டை ஓரமெல்லாம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. எண்ணெய்த் தொட்டி ததும்ப நிரம்பியே இருக்கிறது, சங்கிலிக்கு ஒரு சொட்டும் போகவில்லை. அதைவிட மோசம் பின்னால் வந்தது. பட்டையின் நுனி ஒரு கிளையில் பட்டு ரம்பம் என் முகத்தை நோக்கி எகிறியது. அப்படி எகிறும்போது முன் கைக்காப்பு மணிக்கட்டில் இடித்து முன்னால் சாயும், சங்கிலி கண நேரத்தில் நிற்க வேண்டும். அதற்குத்தான் அந்தத் தடுப்பே இருக்கிறது. கைக்காப்பு சாய்ந்தது. சங்கிலி நிற்கவில்லை. தோளை ஒதுக்கியதால் பிழைத்தேன். வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

சரி, ரம்பம் போகட்டும், விழுந்ததையாவது பிளப்போம் என்று ஆப்பை எடுத்தோம். நல்ல ஆப்பின் தலை அடிபட அடிபடக் காளான் போல விரியும், அரத்தால் தேய்த்துக்கொள்ளலாம். இது வார்ப்பிரும்பு. நீலச் சாயம் பூசி எஃகு என்று விற்றிருக்கிறார்கள். மூன்றாவது அடியில் விளிம்பு சிதறியது. ஒரு சில்லு என் மைத்துனரின் புருவத்தைக் கிழித்தது. நாலு தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். கோடரியின் காம்பு கழுத்திலேயே முறிந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தால் மரத்தின் ரேகை காம்போடு ஓடாமல் குறுக்கே ஓடுகிறது. அதை மறைக்கத்தான் அத்தனை கனமாக மஞ்சள் சாயம்.

கரும்பு வெட்டியே வளர்ந்த எங்கள் கோயில் பெரியப்பா ஒருவர் அந்த முறிந்த துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாயம் பூசிய காம்பை வாங்கலாமா அப்பா? சுரண்டி ரேகை பார்த்துத்தானே வாங்குவோம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பழுது பார்க்கும் இடத்துக்கு ரம்பத்தைக் கொண்டுபோனேன். மெக்கானிக் நகத்தால் கீறினார். உலோகத் தகடு என்று நான் நினைத்தது காகித ஒட்டு, பெட்ரோலில் ஊறிக் கையோடு வந்துவிட்டது. அதில் இருந்த எண் நிறுவனத்தின் பதிவிலேயே இல்லை. அச்சு அசல் போலி.

பிறகு தொடங்கியது அலைக்கழிப்பு. கடைக்காரரை முதலில் தொலைபேசியில் அழைத்தபோது, "எண்ணெய்க் கலவையைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள் அண்ணா." ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி, அளந்துதான் ஊற்றினேன். அதோடு, கலவை இஞ்சினுக்குப் போவது, சங்கிலி எண்ணெய் வேறு, தடுப்பு வேறு. இதுகூடத் தெரியாதவன் என்று நினைத்தாரா? இரண்டாவது அழைப்பில், முதலாளி ஜோஹானஸ்பர்க் போயிருக்கிறார். அன்று தானே முதலாளி என்று சொன்னவர் அவர். மைத்துனரின் தையல் போட்ட புருவத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்ததற்கான இரண்டு நீலக் கோடுகள் வந்தன, பதில் வரவில்லை.

நேற்று நேரிலேயே போனேன். அதே முருகன் படம், அதே ஊதுவத்தி. அவர் எழுந்திருக்கவில்லை. "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை, மிஸ்டர்" என்று சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினார். மூன்று வாரத்துக்குள் அண்ணா மிஸ்டர் ஆகிவிட்டேன். கோயில் பணம் ஐயா, 7,650 ரேண்ட், ஆயாக்கள் கொடுத்தது என்றேன். அடுத்த வாடிக்கையாளரைப் பார்த்து, "வணக்கம் அண்ணா" என்று எழுந்து போனார். குலத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு என்பார்கள். இத்தனை நாள் அதைச் சும்மா சொல்லும் பழமொழியாகத்தான் கேட்டிருக்கிறேன்.

எங்கள் செயலாளரின் மகள் சட்டம் படிக்கிறாள். சுவரில் என்ன எழுதி ஒட்டியிருந்தாலும் அது செல்லாது என்கிறாள். 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பழுது நீக்கித் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் தருவதா என்று முடிவு செய்வது வாங்கியவர்தான். புகார் எழுதிவிட்டோம். ஆனால் கையில் இருப்பது அந்த ஒற்றை வரித் தாள், அதுதான் என் கழுத்தை அறுக்கிறது.

கருவி வாங்குவது பற்றி விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது முடியவில்லை. நாலு விஷயம் மட்டும். உங்களுக்குக் கொடுக்கும் பெட்டியையே பிரித்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ரம்பத்தைத் தரையில் அழுத்திப் பிடித்து முழு வேகத்தில் கைக்காப்பை முன்னால் தள்ளினால் சங்கிலி அக்கணமே நிற்க வேண்டும். ஓடும் ரம்பத்தின் நுனியை ஓர் அட்டைக்கு நேரே பிடித்தால் எண்ணெய் கோடாகத் தெறிக்க வேண்டும். வரிசை எண் எழுதிய ரசீது இல்லாமல் காசை எடுக்காதீர்கள், எதிரே நிற்பவர் நெற்றியில் என்ன பூசியிருந்தாலும் சரி.

இதுபோன்ற மலிவுக் கடையில் வாங்கிய நீலச் சாய ஆப்பு யார் வீட்டிலாவது இருந்தால் இனி ஓர் அடிகூட அடிக்காதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். ரசீது இருந்தால் அதையும் பத்திரப்படுத்திக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். திங்கட்கிழமை காலை அந்தக் கடைக்கு மறுபடியும் போகிறேன்.