ஒன்பதாவது கேள்விக்குத் தள்ளுபடி காட்டும் மனநலச் செயலி

கல்லூரி மாணவர்களின் மன அழுத்தத்துக்கென்றே செய்தது என்று விளம்பரம் வரும் செயலி ஒன்று என்னை ஏமாற்றிய கதை இது. பெயர் சொல்லவில்லை. இதே வார்ப்பில் இன்னும் பல உலவுகின்றன. ஒன்றைச் சொன்னால் மற்றவை யோக்கியம் என்று ஆகிவிடும்.

தேர்வு நெருங்கிய நேரம். தூக்கம் போய், தொட்டதற்கெல்லாம் எரிச்சல். செயலியைத் திறந்ததும் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, பசி எப்படி, கவனம் நிற்கிறதா என்று போனது. 'இல்லவே இல்லை' முதல் 'ஏறக்குறைய தினமும்' வரை நான்கு பதில்கள். முடித்ததும் ஒரு வட்டம் சுற்றி, 'உங்கள் மனநிலையை ஆராய்கிறோம்' என்றது. அப்புறம் அறிக்கை வந்தது, ஓர் எழுத்துகூடப் படிக்க முடியாதபடி மங்கலாக. தெளிவாகப் பார்க்க வருடச் சந்தா எடுக்க வேண்டுமாம். முதல் வாரம் இலவசம்.

ஆராய்ச்சியாவது ஒன்றாவது. அது மனச்சோர்வின் அளவைப் பார்க்கும் பி.ஹெச்.க்யூ-9 என்ற வினாத்தாள். 2001-இல் வெளியானது, மருத்துவர்கள் பல நாடுகளில் பயன்படுத்துவது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பதிலுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், அதிகபட்சம் 27. 10-ஓ அதற்கு மேலோ வந்தால் ஆலோசகரையோ மருத்துவரையோ பார்க்கச் சொல்வார்கள். அதுவே நோய் என்ற தீர்ப்பு இல்லை. விரல் விட்டுக் கூட்டக்கூடிய கணக்கை மங்கலாக்கி விற்கிறார்கள்.

அதைக்கூட விட்டுவிடலாம். ஒன்பதாவது கேள்விதான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்று கேட்கும் கேள்வி அது. 'சில நாட்கள்' என்று உண்மையைத்தான் தொட்டேன். அடுத்து வந்த திரையில் உதவி எண் இல்லை, யாரிடமாவது பேசுங்கள் என்ற ஒரு வரி இல்லை. 'உங்களுக்காக மட்டும் பாதி விலை' என்று ஒரு கடிகாரம் நொடிகளைக் குறைத்துக்கொண்டிருந்தது.

பிறகு கல்லூரி ஆலோசகரிடம் போனபோது அவரும் இதே தாளைத்தான் நீட்டினார். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன்பே அந்த ஒன்பதாவது பதிலில் விரலை வைத்து, "இதைப் பற்றிப் பேசலாமா?" என்றார். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அந்தக் கேள்விக்கு உங்கள் பதில் 'ஆம்' பக்கம் சாய்ந்தால் செயலியை மூடிவிட்டு இன்றைக்கே ஒரு மனிதரிடம் சொல்லுங்கள்.

பணக் கதைக்கு வருகிறேன். இலவச வாரம் முடியும் முன்பே செயலியில் இருந்த 'திட்டத்தை நிறுத்து' பொத்தானை அழுத்தினேன். 'சரி, ஓய்வெடுங்கள்' என்றது. அது நிறுத்தியது தினசரி நினைவூட்டலை மட்டும்தான். வருடச் சந்தா முழுசாகப் போய்விட்டது. புகார் எழுதினால், மூச்சை ஆழமாக இழுத்துவிடச் சொல்லி இயந்திரப் பதில் வருகிறது (நிஜமாகத்தான்). ப்ளே ஸ்டோரிலோ ஆப் ஸ்டோரிலோ எடுத்த சந்தாவை அங்கே உள்ள சந்தாப் பகுதியில்தான் ரத்து செய்ய வேண்டும். செயலியை அழித்தாலும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நாம் கொட்டிய பதில்கள் எங்கே போகின்றன என்பது அடுத்த கவலை. பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய இணைய ஆலோசனைச் சேவை, ரகசியம் காப்பதாகச் சொல்லிவிட்டுப் பயனர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் மனநலக் கேள்விகளுக்கான விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்று அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023-இல் குற்றம் சாட்டியது. 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு விவகாரத்தை முடித்தார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்தின் மீதே இப்படி ஒரு புகார். ப்ளே ஸ்டோரில் 'தரவுப் பாதுகாப்பு' என்று இருக்கும் பகுதியும் செயலிக்காரர்களே நிரப்பிக் கொடுப்பதுதான்.

எல்லாச் செயலியும் மோசம் என்று சொல்லவில்லை. மூச்சுப் பயிற்சிக்கும், அன்றாட மனநிலையைக் குறித்துவைக்கவும் சில நன்றாகவே உதவுகின்றன. ஆனால் பெயர், கல்லூரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்ட பிறகே உள்ளே விடும் செயலியை அங்கேயே மூடிவிடுங்கள். ஏற்கெனவே பதில் கொடுத்துவிட்டவர்கள் முதலில் சந்தாவை ரத்து செய்து, கணக்கையும் தரவையும் நீக்கச் சொல்லி எழுதுங்கள். அழிப்பது அப்புறம், கைபேசியிலிருந்து செயலி போனாலும் அவர்களுடைய சர்வரில் உங்கள் பதில்கள் அப்படியே இருக்கும்.