ஹோபி மிராஜ் அவுட்பேக்: வாங்கலாமா? வாங்கினால் எதையெல்லாம் பொருத்தலாம்?

காலால் மிதித்து ஓட்டும் மீன்பிடிக் கயாக் (குறுகலான சிறு படகு) என்று தேட ஆரம்பித்தால் ஹோபி மிராஜ் அவுட்பேக்கைத் தாண்டிப் போக முடியாது. 2019இல் உடலையே மாற்றி வந்த மாடலைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நீளம் 3.89 மீட்டர், அகலம் 86 செ.மீ., தாங்கும் எடை 193 கிலோ. அமெரிக்காவில் புதிது 3,000 டாலருக்கு மேல். படகு நகரும்போதே இரண்டு கையும் தூண்டிலில் இருந்தாக வேண்டும் என்றால் இந்த விலை தகும். அமைதியான ஏரியில் ஓரிடத்தில் உட்கார்ந்து மிதவை போடுகிறவருக்கு இது வீண் செலவு. நல்ல துடுப்புக் கயாக்கே போதும்.

விலையின் பெரும்பகுதி மிராஜ் டிரைவுக்குத்தான். படகின் அடியில் பென்குயின் சிறகு மாதிரி இரண்டு ஃபின்கள் இடமும் வலமும் வீசித் தள்ளும். மிராஜ் டிரைவ் 180 என்ற வகையில் ஒரு கேபிளை இழுத்தால் ஃபின்கள் திரும்பிக்கொண்டு படகு பின்னோக்கி வரும். கொக்கியில் மாட்டிய மீன் பாறை இடுக்கை நோக்கி ஓடும்போது இந்தப் பின்னோட்டத்தின் அருமை தெரியும். பழைய ஃபின்கள் கட்டையில் மோதினால் உள்ளிருக்கும் கம்பி வளைந்துவிடும். இப்போதுள்ளவை மோதியதும் மடங்கிக்கொள்கின்றன. அப்படியும் ஆழம் குறைந்த இடத்துக்குள் நுழையும்போது ஒரு பெடலை முழுக்க முன்னே தள்ளி, ஃபின்களை அடிப்பக்கத்தோடு ஒட்ட வைத்துவிடுங்கள்.

பெடல் தண்டில் எண்ணிட்ட நிலைகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணில் வையுங்கள். பெடல் கடைசிவரை போனாலும் முழங்கால் லேசாக மடிந்தே இருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் ஒரு மணி நேரத்தில் மூட்டு வலிக்கும். உப்புநீரில் போய்வந்தால் டிரைவைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, உலர்ந்த வகை டெஃப்லான் ஸ்ப்ரே அடியுங்கள். எண்ணெயோ கிரீஸோ போட்டால் மணல் ஒட்டி, அசையும் இடங்களை அரைத்துவிடும்.

குறை என்றால் எடைதான். வெறும் உடலே 38 கிலோவுக்கு மேல். கார் மேல் ஒற்றை ஆளாக ஏற்ற, பின்பக்கம் உருளை வைத்த ரேக் வேண்டும். கரையில் தள்ளிப்போகச் சக்கர வண்டியும் வாங்கியாக வேண்டும். நீர்வடி துளைகளில் சொருகும் வண்டி என்றால், சாமானை இறக்கிவிட்டுத் தள்ளுங்கள். முழுப் பாரமும் அந்தத் துளைகளின் ஓரத்தில்தான் இறங்கும், விரிசல் விடுவதும் அங்கேதான்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். எதையும் துளைப்பதற்கு முன் சில தடவை வெறும் படகாக ஓட்டிப் பாருங்கள். கை எங்கே எட்டுகிறது, தூண்டிலை வீசும்போது எது இடிக்கிறது என்று வீட்டில் உட்கார்ந்து கணிக்க முடியாது. பக்கங்களில் உள்ள எச்-ரெயில் என்ற நீளச் சட்டத்தில் கவ்வும் தாங்கிகள் துளை இல்லாமலே ராட் ஹோல்டரையும் (தூண்டிலை நிறுத்தி வைப்பது), ஃபிஷ் ஃபைண்டர் (மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி) திரையையும் பிடித்துக்கொள்ளும். ராட் ஹோல்டர் பெடல் மிதிக்கும் முழங்காலுக்கு விலகி இருக்கட்டும்.

ஃபிஷ் ஃபைண்டருக்கு 12 வோல்ட், 10 முதல் 12 ஆம்பியர்-அவர் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சரியான தேர்வு. 7 அங்குலத் திரை ஓர் ஆம்பியர் அளவில் இழுத்தாலும் ஒரு நாள் தாங்கும். ஈய-அமில பேட்டரி விலை மலிவு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், எடையும் இரு மடங்குக்கு மேல். பியூஸை நேர்மின் கம்பியில், பேட்டரிக்கு ஒட்டியே போடுங்கள். ஆம்பியர் அளவைக் கருவியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்டியூசர் (நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உறுப்பு) உட்காரவும் மேலே ஏற்றிக்கொள்ளவும் அடியில் இடம் விட்டிருக்கிறார்கள். கண்ட இடத்தில் துளைக்கத் தேவையில்லை.

நங்கூர டிராலி அவசியம். படகின் பக்கத்தில் முன்னும் பின்னும் உள்ள இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓடும் கயிற்று வளையம் அது, நங்கூரக் கட்டை முன்னோ பின்னோ நகர்த்தும். படகின் பக்கவாட்டில் கயிற்றைக் கட்டி நங்கூரம் போட்டால் நீரோட்டம் படகைச் சாய்த்துக் கவிழ்த்துவிடும். கட்டு எப்போதும் அணியத்துக்கோ (படகின் முன்முனை) பின்பக்கத்துக்கோ ஓட வேண்டும். 1.5 கிலோ மடக்கு நங்கூரம், ஆழத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு கயிறு, ஓட்டம் இருந்தால் ஐந்து மடங்கு. இழுத்ததும் அவிழும் முடிச்சும் ஒரு மிதவையும் சேருங்கள். பின் கப்பியைச் சுக்கானுக்கு முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் கயிறு சுக்கானில் சிக்கும்.

கப்பிக்குத் துளை தவிர்க்க முடியாது. முதலில் 3 மி.மீ., பிறகு ரப்பர் நட்டின் (போல்ட்டை முறுக்கும்போது பிதுங்கித் துளையைக் கவ்விக்கொள்ளும் ரப்பர் உறை) அளவுக்கு. டிரில்லை மெதுவாகச் சுற்றுங்கள், வேகத்தில் பாலிஎத்திலீன் உருகும். சாதா சிலிக்கான் அதில் ஒட்டாது, பியூட்டைல் பட்டை (ஒட்டும் ரப்பர் நாடா) வையுங்கள். போல்ட் 316 தரத் துருப்பிடிக்கா எஃகாக இருக்கட்டும். ரப்பர் பிதுங்கத் தொடங்கியதும் முறுக்குவதை நிறுத்துங்கள்.

193 கிலோ என்பது ஆள், சாமான், ஐஸ், மீன் எல்லாம் சேர்ந்த உச்ச அளவு. 135க்குள் நின்றால் படகு இலகுவாக ஓடும். துடுப்பையும் கையோடு கொண்டுபோங்கள், டிரைவில் கடற்பாசி சுற்றினால் அதுதான் துணை. லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் அல்ல.