பி.ஆர். படிக்கலாமா? சென்னையில் ஓராண்டு டிப்ளமோ முடித்தவளின் விமர்சனம்

மக்கள் தொடர்பு, அதாவது பி.ஆர்., படித்தால் வேலை கிடைக்குமா, இவ்வளவு கட்டணம் கட்டிச் சேரலாமா என்று ஜூனியர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் விளக்கமாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் படித்தது சென்னையில் மாலை நேரத்தில் நடக்கும் ஓராண்டு முதுநிலை டிப்ளமோ. கல்லூரியின் பெயர் வேண்டாம். வேறு இடங்களில் இதே படிப்பைப் படித்த நண்பர்களிடம் பேசிப் பார்த்ததில் நிறையும் குறையும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பு நல்ல படிப்பு, துறை அதைவிட நல்ல துறை. ஆனால் தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்ய முக்கியமாக வேண்டியது தமிழில் செய்தி எழுதத் தெரிவதும், தமிழ்ப் பத்திரிகை, தொலைக்காட்சி நிருபர்களிடம் பேசத் தெரிவதும். அதைப் பாடத்திட்டம் ஆண்டுக் கடைசியில் ஒப்புக்குத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

நல்லதிலிருந்து தொடங்குகிறேன். செய்திக்குறிப்பு, அதாவது நிருபர்களுக்கு அனுப்பும் பிரஸ் ரிலீஸ், எழுதும் வகுப்பு ஒன்றுக்காகவே கட்டிய பணம் தகும். எடுத்தவர் பல ஆண்டுகள் நாளிதழில் டெஸ்க்கில் இருந்தவர். ஒரு மருத்துவமனையில் புதிதாக டயாலிசிஸ் பிரிவு திறக்கிறார்கள், ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்பார். வகுப்பில் பாதிப் பேர் மருத்துவமனையின் பெருமையிலிருந்து தொடங்குவார்கள், எந்த ஆண்டு ஆரம்பித்தது, நிறுவனர் யார், என்னென்ன விருது வாங்கியது என்று. அவர் சிவப்புப் பேனாவால் முதல் பத்தி முழுவதையும் அடித்துவிட்டு, மூன்றாவது பத்தியின் நடுவில் கிடக்கும் ஒரே ஒரு வரியை வட்டமிடுவார்: இரவு நேரத்திலும் இங்கே டயாலிசிஸ் செய்துகொள்ளலாம் என்ற வரி. “பகலில் வேலைக்குப் போகிற நோயாளிக்கு இதுதான் செய்தி. இதை மேலே கொண்டு வாங்க, மத்ததெல்லாம் அப்புறம்.” வாராவாரம் இதே மாதிரி அடி வாங்கி வாங்கித்தான் எங்களுக்குச் செய்தி எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்கவே வந்தது.

வரலாற்றுப் பாடமும் நன்றாகவே இருந்தது. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, விபத்தை மூடி மறைக்காமல் நிருபர்களை அந்த இடத்துக்கே அழைத்துப் போகச் சொல்லி, நடந்ததை எழுத்தில் கொடுத்தார் அந்த ரயில் நிறுவனத்துக்கு பி.ஆர். வேலை பார்த்த ஐவி லீ. நவீன பிரஸ் ரிலீஸின் தொடக்கம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு நேர் எதிராக 1929-இல் இன்னொரு பி.ஆர். முன்னோடியான எட்வர்ட் பெர்னேஸ் செய்தது. நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பிடித்தபடி நடக்க வைத்து, அதைப் பெண் விடுதலையின் அடையாளமாகச் செய்தியாக்கினார், பின்னால் இருந்து பணம் கொடுத்தது சிகரெட் நிறுவனம். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் படித்தபோது, இந்தத் துறை எதற்கெல்லாம் பயன்படும் என்பது உறைத்தது.

அறம் பற்றிய பாடத்தை ஒப்புக்கு நடத்துவார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி இல்லை. பெல் பாட்டிங்கர் என்ற பிரிட்டிஷ் பி.ஆர். நிறுவனம் தென்னாப்பிரிக்காவில் குப்தா குடும்பத்தின் நிறுவனத்துக்காக இன வெறுப்பைக் கிளறும் பிரசாரம் செய்தது அம்பலமாகி, 2017 செப்டம்பரில் பிரிட்டனின் மக்கள் தொடர்பு சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, அதே மாதத்தில் திவால் நடவடிக்கைக்குப் போனது. பெரிய பெரிய வாடிக்கையாளர்களை வைத்திருந்த நிறுவனம் அது. பி.ஆர். என்றாலே பொய்யைப் பூசி மெழுகுவது என்று நினைக்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்: இந்தத் தொழிலில் விற்கும் ஒரே சரக்கு நம்பிக்கை, அது போனால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

நெருக்கடியைக் கையாளும் பாடத்தில் எல்லோரும் நடத்தும் டைலினால் என்ற வலி மாத்திரையின் கதை வந்தது. 1982-இல் சிகாகோ பகுதியில் யாரோ சயனைடு கலந்த மாத்திரையால் 7 பேர் இறந்ததும் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது, பிறகு யாரும் பிரித்தால் தெரிந்துவிடும் மூடியோடு திரும்ப வந்தது. சரி, பாடப்புத்தகக் கதை. எங்களை உண்மையில் பேச வைத்தது மேகி. 2015 மே மாதத்தில் நூடுல்ஸில் ஈயம் அதிகம் என்ற செய்தி பரவத் தொடங்கியபோது எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்த மஞ்சள் பாக்கெட் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் தமிழக அரசு மூன்று மாதத் தடை போட்டது, ஜூன் 5-இல் நாடு முழுவதும் விற்பனையை நிறுத்த மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உத்தரவிட்டது. மேகியைத் தயாரிக்கும் நெஸ்லே நிறுவனத்தின் உலகத் தலைவர் டெல்லிக்கு வந்து பேசியதும் அதே நாளில்தான். ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் தடையை நீக்கி மறுபரிசோதனைக்கு உத்தரவிட்டது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது.

ஆக, ஆய்வகத்தில் நிறுவனம் ஜெயித்தது. ஆனால் வாரக்கணக்கில் அம்மாக்கள் கேட்ட ‘என் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா’ என்ற கேள்விக்கு, ‘எங்கள் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்ற தொழில்நுட்பப் பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. கேட்டது பயத்தில், பதில் வந்தது அறிக்கையில். ஒரு மாலை முழுக்க இதை வைத்து வாதாடினோம், வகுப்பு முடிந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வாதம் தொடர்ந்தது. இந்தத் துறையில்தான் இருக்கப் போகிறேன் என்று எனக்கு முடிவானது அன்றைக்குத்தான்.

இனி குறை. பாடம் ஏறக்குறைய மொத்தமும் ஆங்கிலத்தில், எழுதுவதும் ஆங்கிலத்தில். அதில் தவறில்லை, பெரிய நிறுவனங்கள் ஆங்கிலத்தில்தான் இயங்குகின்றன. ஆனால் இன்டர்ன்ஷிப்புக்கு, நிறுவனங்களுக்கு பி.ஆர். வேலை செய்து கொடுக்கும் ஒரு சிறிய ஏஜென்சியில் போய் உட்கார்ந்ததும் தெரிந்தது, அங்கே அன்றாடம் கழுத்தைப் பிடிக்கும் வேலை தமிழ் வேலை. காலையில் எல்லா நாளிதழ்களையும் புரட்டி, வாடிக்கையாளர் பெயர் வந்த இடத்தையெல்லாம் கத்தரித்து ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். அதில் ஒரு பெரிய பங்கு தமிழ் நாளிதழ்கள். செய்திக்குறிப்பை மும்பையிலோ பெங்களூரிலோ ஆங்கிலத்தில் எழுதி, வெளியாள் ஒருவரிடம் கொடுத்துத் தமிழாக்கி, பிரஸ் மீட்டுக்கு முந்தின இரவு அனுப்புவார்கள். அதில் மில்லியன் மில்லியனாகவே இருக்கும், கோடியாகவோ லட்சமாகவோ மாறியிருக்காது. ஊர்ப் பெயரே இருக்காது, ‘தென்னிந்தியச் சந்தை’ என்று பொதுவாகப் போட்டிருக்கும்.

மதுரை நிருபர் ஒருவருக்கு அப்படி ஒன்றை அனுப்பிவிட்டு போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. பொறுமையாக, “ஏம்மா, இதுல மதுரைக்கு என்ன இருக்கு? கடை எங்க திறக்குறாங்க, எத்தனை பேருக்கு வேலை, அதை ஒரு வரி சொல்லு, நான் போடுறேன்” என்றார். தகவலைக் கேட்டு வாங்கிக் கொடுத்தேன், மறுநாள் மதுரைப் பதிப்பில் வந்தது. ஓராண்டுப் பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு பாடம் இல்லை என்பது எனக்கு இப்போதும் வருத்தம்தான்.

எந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது என்பதுகூட ஏஜென்சியில் இருந்த சீனியர் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான். மாலை நாளிதழ்களுக்கு மதியத்துக்கு முன்பே விஷயம் போய்ச் சேர வேண்டும், காலை நாளிதழ் நிருபரைச் சாயங்காலம் அவர் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் தொந்தரவு செய்யக் கூடாது, தொலைக்காட்சிக்குக் காட்சி இல்லாவிட்டால் செய்தியே இல்லை, மைக்குகளை வைக்க மேசையும் கேமராக்களுக்குப் பின்னால் இடமும் இல்லாத அரங்கை வாடகைக்கு எடுக்கவே எடுக்காதே. இதையெல்லாம் யாராவது எழுதி வைத்தால் அதுவே ஒரு பாடப்புத்தகம்.

அளவீடு இன்னொரு குறை. நாளிதழில் வந்த செய்தியை ஸ்கேலால் அளந்து, அத்தனை சதுர சென்டிமீட்டருக்கு விளம்பரம் கொடுத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதுதான் பி.ஆரின் மதிப்பு என்று வாடிக்கையாளருக்குக் காட்டும் வழக்கம் உண்டு. அது மதிப்பே இல்லை என்று 2010-இல் பி.ஆர். அளவீட்டுக்காகத் துறையினர் வகுத்த பார்சிலோனா கொள்கைகள் தெளிவாகச் சொல்லிவிட்டன, வகுப்பிலும் அதைச் சொன்னார்கள். ஆனால் அதற்குப் பதிலாக என்ன செய்வது, செய்தி வந்த பிறகு யார் மனம் மாறியது, யார் போன் செய்தார், யார் கடைக்கு வந்தார் என்பதை ஒரு சிறு நிறுவனம் எப்படிக் கண்டுபிடிக்கும், அதைச் செய்து பழக வைக்கவில்லை. ஏஜென்சியில் போனால் ஸ்கேல்தான் காத்திருக்கிறது. வாடிக்கையாளரே அந்தக் கணக்கைக் கேட்கிறார் என்கிறார்கள். கேட்பவருக்கு வேறு கணக்கைப் புரிய வைப்பதும் மக்கள் தொடர்பு வேலைதானே.

இன்னொன்று என் மனத்தை உறுத்துவது. பெர்னேஸைப் பற்றி அத்தனை பக்கம் படித்தோம், இதே ஊரில் வாழ்ந்த ஃபிலிம் நியூஸ் ஆனந்தனைப் பற்றி ஒரு வரி இல்லை. 1958-இல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு வேலை பார்த்து, தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பு அலுவலர், என்று பெயர் பெற்றவர் அவர். படங்களைப் பற்றிய தகவலையும் புகைப்படங்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தவர். எந்தப் படம் எந்த ஆண்டு என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். நிருபருக்குச் சரியான தகவல் கொடுப்பவனாக இருந்தால் நிருபர் உன்னைத் தேடி வருவார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் 2016-இல் மறைந்தார். இன்றைக்கும் தமிழ்ப் பட டைட்டிலில் ‘மக்கள் தொடர்பு’ என்று ஒரு பெயர் வராமல் இருக்காது, ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாடத்தில் கிடையாது.

அரசு வேலையைப் பற்றியும் போதுமான அளவு சொல்லவில்லை. தமிழக அரசில் செய்தி மக்கள் தொடர்புத் துறை என்று தனித் துறையே இருக்கிறது, ‘தமிழரசு’ இதழை வெளியிடுவதும் அதுதான். மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார். வெள்ளம், புயல் நேரத்தில் எந்தப் பள்ளியில் முகாம், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்ற செய்தி மக்களுக்குப் போய்ச் சேருவதில் அவர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அந்தச் செய்தி ஒரு மணி நேரம் தாமதமானாலும் உயிர்ப் பிரச்சினை. இந்த வேலையைப் பற்றி வகுப்பில் யாராவது வந்து பேசியிருந்தால் எங்களில் சிலர் அந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று உறுதியாக நினைக்கிறேன்.

வேலை வாய்ப்பு, சம்பளம். எங்கள் வகுப்பில் ஏஜென்சிக்குப் போனவர்களுக்குத் தொடக்கத்தில் கையில் வந்தது மாதம் 20,000 ரூபாயை ஒட்டித்தான். சென்னை வாடகைக்கு அது இழுபறி. நேரம் காலம் கிடையாது, வாடிக்கையாளர் ராத்திரியில் கூப்பிட்டாலும் எடுக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டியவர்கள் அப்புறம் நிறுவனங்களின் உள்தொடர்புப் பிரிவு, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று மாறுகிறார்கள், அங்கே சம்பளமும் நேரமும் மேல் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். தமிழில் நன்றாக எழுதுகிறவர்களுக்கு ஏஜென்சியிலேயே மதிப்பு கூடுகிறது, இதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பேட்ச்சில் ஆங்கிலம் தயங்கித் தயங்கிப் பேசிய தஞ்சாவூர்ப் பையனுக்குத்தான் முதலில் வேலை உறுதியானது.

ஏ.ஐ. வந்து எல்லாவற்றையும் எழுதிவிடுமே என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், ஒரு பக்கச் செய்திக்குறிப்பை அது நொடியில் தட்டித் தந்துவிடும். மதுரை நிருபர் கேட்ட அந்த ஒரு வரியை அது எங்கிருந்து கொண்டு வரும்? யாராவது கடைக்காரரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்ஃப்ளூயன்சர்களை வைத்துச் செய்யும் வேலைக்கும் இதேதான். பணம் வாங்கிப் பேசினால் அதை விளம்பரம் என்று காட்ட வேண்டும் என்று 2021-இல் விளம்பரத் தர நிர்ணயக் குழுவான ஆஸ்கி விதிமுறை வெளியிட்டிருக்கிறது, அதை மறைக்காதீர்கள் என்று வாடிக்கையாளரிடம் முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

யார் சேரலாம்? நாளிதழ் படிக்கும் பழக்கம் உள்ளவர்கள், போனில் முன்பின் தெரியாதவரிடம் பேசக் கூச்சப்படாதவர்கள், எழுதியதை ஒருவர் அடித்தால் மறுபடி எழுதத் தயாராக இருப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். நிகழ்ச்சி, நட்சத்திர ஓட்டல், பிரபலங்களோடு செல்ஃபி என்று நினைத்து வருகிறவர்கள் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

கட்டணம் கட்டும் முன் அலுவலகத்தில் மூன்று விஷயம் கேளுங்கள். இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரியே ஏற்பாடு செய்யுமா, நாமே தேட வேண்டுமா? பாடம் எடுப்பவர்களில் இப்போதும் துறையில் வேலை பார்ப்பவர்கள் யார்? போன ஆண்டு மாணவர்கள் தமிழில் எழுதிய செய்திக்குறிப்பு ஒன்றைக் காட்ட முடியுமா? கடைசிக் கேள்விக்கு அவர்கள் முழித்தாலும் சேருங்கள், ஆனால் அன்றைக்கே வீட்டில் ஒரு தமிழ் நாளிதழுக்குச் சந்தா போட்டு, தினமும் அதில் வரும் ஒரு நிறுவனச் செய்தியை எடுத்து உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி திருப்பி எழுதிப் பழகுங்கள்.