வண்டி சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்: பழைய ஜிடி கார் வாங்கப் போகிறவர்களுக்கு

பழைய கிராண்ட் டூரர் கார் (ஜிடி, அதாவது நெடுந்தூரம் வேகமாகப் போகும் சொகுசுக் கார்) ஒன்றை வாங்கலாம் என்று பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் வண்டி பார்க்கக் கிளம்புங்கள். என்னை ஏமாற்றியது உயர்ரகக் கார்களை மட்டும் வாங்கி விற்கும் ஒரு டீலர். அதற்குப் பிறகு ஒரு ஒர்க்‌ஷாப்பும் தன் பங்குக்குக் கை வைத்தது. விவகாரம் இன்னும் முடியாததால் இருவர் பெயரையும் எழுதவில்லை. காரின் பெயரும் வேண்டாம். கோளாறு அந்தக் காரைத் தயாரித்த விதத்தில் இல்லை, அதை விற்ற விதத்தில் இருக்கிறது. இரண்டு கதவு, ட்வின் டர்போ வி8 எஞ்சின், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த வகைக் கார்களின் விலை விழும் வேகம் சாதாரணக் கார்களில் கிடையாது. 2003இல் வந்த பென்ட்லி கான்டினென்டல் ஜிடி, 2004இலிருந்து ஓடும் ஆஸ்டன் மார்ட்டின் டிபி9, 2007இன் மசெராட்டி கிரான்டூரிஸ்மோ, வி10 எஞ்சின் போட்ட பழைய பிஎம்டபிள்யூ எம்6 என்று எதை எடுத்தாலும், புதிதாக விற்ற விலையில் ஒரு சிறு பங்குக்கு இன்று கிடைக்கும். ஆனால் உதிரிப் பாகத்தின் விலை காரோடு சேர்ந்து இறங்குவதில்லை. கூலியும் அப்படித்தான். இறுக்கமான எஞ்சின் அறைக்குள் கை நுழையாததால், சில வேலைகளுக்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டியிருக்கும். ஆக, ஒரு பெரிய ரிப்பேர் காரின் இன்றைய மதிப்பில் பாதியை விழுங்கிவிடலாம். அந்தச் செலவு வரப்போகிறது என்று தெரிந்த உரிமையாளர் வண்டியைத் தள்ளிவிடப் பார்க்கிறார். டீலர் அதைக் குறைந்த விலைக்கு எடுத்து, கோளாறை மட்டும் மறைத்து விற்கிறார். சரிசெய்வதைவிட மறைப்பது அவருக்கு மலிவு.

எனக்கு நடந்தது இது. ஒரே உரிமையாளர், முழு சர்வீஸ் வரலாறு, எடுத்து ஓட்ட வேண்டியதுதான் பாக்கி என்று விளம்பரம். காலையில் வருகிறேன், அதுவரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், குளிர்ந்த எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்று போனில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். போனால் வண்டி வாசலில் ஓடிக்கொண்டிருக்கிறது. "வெயில் சார், நீங்கள் உட்காரும்போது உள்ளே குளுகுளு என்று இருக்கட்டுமே என்று ஏசி போட்டு வைக்கச் சொன்னேன்" என்றார். சரி, இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பினேன். அடுத்த முறை, "இப்போதுதான் கழுவி இங்கே கொண்டுவந்து நிறுத்தினோம்" என்றார்கள். பானெட்டைத் தொட்டால் கொதித்தது. கையில் ஒரு பரிசோதனை அறிக்கை கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்திலும் டிக், கீழே கையெழுத்து, சீல். எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் மூன்றும் நல்ல நிலையில் இருப்பதாக எழுத்தில் உறுதி. அந்த எழுத்தை நம்பித்தான் பணம் கொடுத்தேன். எழுதிக் கொடுத்தவர் எழுதும்போதே அது பொய் என்று அறிந்திருந்தார் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் எத்தனை விஷயத்தை மறைக்கிறது என்று பாருங்கள். எஞ்சின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. தேய்ந்த டென்ஷனரில் இரவு முழுக்க எண்ணெய் வடிந்துவிடும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து அடிக்கும். சற்றுமுன் ஓடிய எஞ்சினில் அந்தச் சத்தம் வராது. எஞ்சின் எண்ணெய் எரியும் இடத்துக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் கசிந்தால் நீலப் புகை வருவதும் பெரும்பாலும் முதல் ஸ்டார்ட்டில்தான். ஏர் சஸ்பென்ஷனில் காற்றுப்பை கசிந்தாலும், எஞ்சின் ஓடும்வரை கம்ப்ரசர் காற்றை ஏற்றி உயரத்தைக் காப்பாற்றிவிடும். இந்த மூன்றையும் மூடி மறைக்க வாடிக்கையாளர் வருமுன் சாவியைத் திருப்பினால் போதும்.

வீட்டில் முதல் குளிர்ந்த ஸ்டார்ட்டிலேயே தெரிந்துவிட்டது. தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியதுபோல ஒரு சத்தம், சில விநாடிகள், அப்புறம் அமைதி. இரவு நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன் இடது சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவுக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையவில்லை. வலது பக்கத்தில் உள்ளங்கையே நுழைந்தது. கொஞ்ச நாளில் எஞ்சின் லைட்டும் எரிந்தது. டீலருக்குப் போன் செய்தால், "பேட்டரி வீக் ஆகியிருக்கும் சார், இந்த மாதிரி கார்களில் வோல்டேஜ் குறைந்தால் எல்லா லைட்டும் வரும்" என்றார். பேட்டரி பலவீனமானால் இந்தக் கார்களில் பொய்யான எச்சரிக்கைகள் வருவது உண்மை. அதனால்தான் இந்தப் பதில் எடுபடுகிறது. பேட்டரியையும் அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அளந்து பார்த்தேன், இரண்டும் நன்றாகவே இருந்தன.

உண்மை வெளியே வந்தது ஸ்கேனரில். சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக் வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (காரின் கணினி பதிந்த கோளாறுகளைப் படிக்கும் இணைப்பில்) ஸ்கேனரைச் செருகி, கோளாறுக் குறியீடுகளைப் படிக்குமுன் வேறொரு வரியைக் காட்டினார்: குறியீடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம். வாங்கியதிலிருந்து நான் ஓட்டிய தூரத்தை அதில் கழித்தால் மிஞ்சியது ஒரு டெஸ்ட் டிரைவுக்கான தூரம்தான். அதாவது என்னிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சற்றுமுன் யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓபிடி 2 முறை அமெரிக்காவில் 1996இலேயே கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல். ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் அநேக வண்டிகளில் அது இருக்கும். கையடக்க ஸ்கேனர் அல்லது போனோடு இணையும் சிறு அடாப்டர் போதும். குறியீடுகளை அழித்தவுடன், கேட்டலிடிக் கன்வர்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றைக் கார் தானே சோதித்துக்கொள்ளும் மானிட்டர்கள் எல்லாம் 'முடியவில்லை' என்ற நிலைக்குப் போய்விடும். அவை மறுபடி முடிய, குளிர்ந்த ஸ்டார்ட், நெடுஞ்சாலை ஓட்டம், ஐடிலில் நிற்பது எனப் பலவகை ஓட்டம் தேவை. டெஸ்ட் டிரைவில் அது நடக்காது. எனவே எச்சரிக்கை விளக்கு ஒன்றும் எரியவில்லை, ஆனால் பாதி மானிட்டர் முடியாமல் கிடக்கிறது என்றால், விளக்கு எரியாததற்கு எந்த மதிப்பும் இல்லை. அண்மையில் பேட்டரி மாற்றினால்கூட சில கார்களில் இப்படி ஆகும் என்பார்கள். ஆகலாம். அப்படியானால் பேட்டரி பில்லைக் காட்டட்டும், நான்கு நாள் ஓட்டிவிட்டுக் கூப்பிடட்டும்.

அதே ஸ்கேனரில் குளிரூட்டி நீரின் வெப்பநிலையும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் தெரியும். ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். நீர் 60 டிகிரி, காற்று 30 டிகிரி என்றால் உங்களுக்காகச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். பேச்சு வளர்க்க வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

மலிவான ஸ்கேனர் எஞ்சினை மட்டுமே படிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஏர் சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ், ஏபிஎஸ் பிரேக் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை, அதாவது அவற்றை இயக்கும் சிறு கணினிகளைப் படிக்க அந்தந்தத் தயாரிப்புக்கான கருவி வேண்டும். அதை வைத்திருக்கும் மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துப் போவது நல்லது. பல கார்களில் ஓடிய கிலோமீட்டர் டாஷ்போர்டில் மட்டுமல்ல, வேறு சில கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பதிவாகும். டாஷ்போர்டு ஒரு கணக்கும் கியர்பாக்ஸ் இன்னொரு கணக்கும் சொன்னால் முடிவு தெரிந்துவிடும். போர்ஷே 911 போன்றவற்றில் எஞ்சினை வரம்புக்கு மேல் எத்தனை முறை முறுக்கினார்கள் என்பதும் பதிவாகியிருக்கும். கிளட்சைக் கணினியே இயக்கும் பழைய மசெராட்டி, ஃபெராரி வகைகளில் கிளட்ச் தேய்மானத்தைச் சதவீதமாகவே படிக்கலாம். இதையெல்லாம் படிக்க விடமாட்டேன் என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் எனக்கு அது போதுமான பதில்.

சர்வீஸ் புத்தகத்துக்கு வருகிறேன். என்னுடையதில் சீல் எல்லாம் ஒழுங்காக இருந்தது. சேஸிஸ் எண்ணைச் சொல்லி அந்த சர்வீஸ் சென்டருக்கே போன் செய்தபோது, கடைசி இரண்டு பதிவுகள் அவர்களிடம் இல்லவே இல்லை. புத்தகத்தை நிதானமாகப் பார்த்தால் அந்த இரண்டு வருடப் பதிவும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே கை. புத்தகத்தைவிட பில்லைக் கேளுங்கள். எந்தப் பாகம், என்ன எண்ணெய், எவ்வளவு கிலோமீட்டரில் என்பது பில்லில்தான் இருக்கும். முக்கியமாக, கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில். "அது வாழ்நாள் எண்ணெய், மாற்றவே வேண்டாம்" என்று விற்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கான்டினென்டல் ஜிடி, டிபி9, கிரான்டூரிஸ்மோ ஆகியவற்றுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொடுத்த இசட்எஃப் நிறுவனமே தன் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 120,000 கிலோமீட்டருக்குள் எண்ணெய் மாற்றப் பரிந்துரைக்கிறது.

பெயிண்டைக் காந்தம் வைத்துப் பார்க்கும் பழைய வழி இங்கே செல்லாது, இந்தக் கார்கள் பலவற்றில் உடம்பின் சில பகுதிகளாவது அலுமினியம். அலுமினியத்திலும் அளக்கும் பெயிண்ட் மீட்டர் வேண்டும். ஃபேக்டரி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமன் இருக்கும். ஒரு கதவு மட்டும் 400 காட்டினால் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கமும் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயரில் இந்தக் காரின் வேகத்துக்குப் போகக்கூடாது. கார்பன் செராமிக் பிரேக் என்றால் டிஸ்க்கின் தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். குறைந்தபட்ச எடை டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், கழற்றி எடை போட்டால்தான் மிச்சம் தெரியும்.

அப்புறம் அந்த ஒர்க்‌ஷாப். புதிய ஏர் கம்ப்ரசர், முன்பக்கம் இரண்டு ஏர் ஸ்ட்ரட் (காற்றுப்பை பொருத்திய தாங்கு தூண்) என்று பில் போட்டார்கள். பழைய பாகங்களைக் கேட்டேன், எக்ஸ்சேஞ்சில் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில வாரத்தில் வண்டி மறுபடி சாய்ந்தது. முன்பு ஸ்கேனர் போட்ட அதே மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, உள்பக்க பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். கம்ப்ரசரின் மேல் பல வருடச் சேறு காய்ந்து கிடந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் தலையில் துரு அப்படியே இருந்தது, ஸ்பானர் பட்ட ஒரு கீறல்கூட இல்லை. போல்ட்டை இறுக்கியதற்கு அடையாளமாக ஃபேக்டரியில் இழுத்த மஞ்சள் கோடு கலையாமல் இருந்தது. புதிதாகப் போட்டது, கம்ப்ரசருக்கு மின்சாரம் விடும் சின்ன சுவிட்ச்சான ஒரு ரிலே மட்டும். ஸ்ட்ரட்டில் ஒன்று மட்டும் புதிது. மற்றதில் சோப்புத் தண்ணீர் தெளித்தவுடன் ரப்பர் மடிப்பில் குமிழி வரிசையாகக் கிளம்பியது. காற்றுப்பை பெரும்பாலும் அந்த மடிப்பில்தான் வெடிக்கும், முதலில் அங்கே பார்க்க வேண்டும். கசியும் பையோடு ஓட்டினால் கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடிக் கருகும், ஒரு செலவு இரண்டு செலவாகும். அந்தப் போட்டோக்களையும் பாகத்தில் உள்ள தயாரிப்புத் தேதியையும் அனுப்பிய பிறகுதான் கம்ப்ரசர் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். வேலை தொடங்குமுன் பாகத்தின் எண்ணைப் போட்டோ எடுத்துவிடுங்கள், பழைய பாகத்தைக் கண்ணால் காட்ட வேண்டும் என்று வேலைத்தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

டீலர் கொடுத்த வாரன்டியை நம்பியிருப்பவர்கள் உட்கார்ந்து அதன் விலக்குகளைப் படியுங்கள். என்னுடையதில் தேய்மானம் விலக்கு, வாங்கும்போதே இருந்த கோளாறு விலக்கு, கோளாறைக் கண்டுபிடிக்கப் பிரித்துப் பார்க்கும் கூலி விலக்கு. டென்ஷனர் தேய்மானம் என்றார்கள், ஏர் ஸ்ட்ரட் ரப்பர் என்பதால் அதுவும் தேய்மானம் என்றார்கள்.

ஏற்கனவே வாங்கிவிட்டு இதே சந்தேகத்தில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். குறியீடுகளை அழிக்க யாரையும் விடாதீர்கள், டீலர் அனுப்பும் ஆளை நிச்சயமாக விடாதீர்கள். அழித்த பிறகு ஓடிய தூரம், மானிட்டர்களின் நிலை, கோளாறு பதிவான நேரத்து விவரங்கள் எல்லாவற்றையும் ஓடோமீட்டரோடு சேர்த்து அன்றே போட்டோ எடுங்கள். விளம்பரத்தைச் சேமித்து வையுங்கள், விற்றதும் அதை எடுத்துவிடுவார்கள். எஞ்சின் எண்ணெயில் ஒரு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஈயமும் செம்பும் ஏறியிருந்தால் பேரிங் தேய்கிறது என்று பெரும்பாலும் பொருள். பிஎம்டபிள்யூவின் அந்த வி10 எஞ்சினில் கனெக்டிங் ராட் (பிஸ்டனைச் சுழலும் தண்டோடு இணைக்கும் கம்பி) பேரிங் தேய்வது பலரும் அறிந்த விஷயம், அங்கே இந்தச் சோதனை எஞ்சினையே காப்பாற்றும். பிறகு போனில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். நான் எழுத்தில் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த டீலர் 'பேட்டரி' என்பதை விட்டுவிட்டு, டென்ஷனர் செலவில் பாதி தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். நினைவகத்தைத் துடைத்தது யார் என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வரும்வரை பாதிக்கு ஒப்புக்கொள்ளப்போவதில்லை.