கன்வர்ட்டிபிள் வாங்கும் முன் அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய சொகுசு கன்வர்ட்டிபிள், அதாவது கூரையைத் திறந்து மடிக்கக்கூடிய கார், வாங்க நினைக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். லண்டனுக்கு வெளியே இருக்கும் ஒரு டீலரிடம் 17,500 பவுண்டு கொடுத்து, துணிக் கூரை உள்ள நான்கு இருக்கை ஜெர்மன் கார் ஒன்றை வாங்கினேன். "கூரை சிறப்பாக இயங்குகிறது, முழு சர்வீஸ் வரலாறு உண்டு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். மழை பெய்தால் உள்ளே தண்ணீர் இறங்கும் கார் அது. அதை மறைத்து விற்றார்கள். மறைத்ததைவிட, அதற்குப் பிறகு காரைத் திருப்பிக் கொடுக்கும் என் 30 நாள் உரிமை காலாவதியாகட்டும் என்று அவர்கள் நாட்களைக் கடத்திய விதம்தான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

இந்த வகைக் காரைப் புதிதாக வாங்குவதற்கு இப்போது தேர்வு குறைவு. மெர்சிடிஸ் நிறுவனம் சி கிளாஸ், இ கிளாஸ் இரண்டின் திறந்த கூரை வடிவங்களையும் நிறுத்திவிட்டு, அவற்றுக்குப் பதிலாக சிஎல்இ என்ற ஒன்றை மட்டும் தருகிறது. 2024-இல் வந்த புதிய ஆடி ஏ5-க்குத் திறந்த கூரை வடிவமே கிடையாது. பிஎம்டபிள்யூ 4 சீரிஸ் இருக்கிறது, ஆனால் விலை எல்லோருக்கும் எட்டாது. அதனால் ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எட்டுப் பத்து வருடம் ஓடிய கார்களைத்தான் தேடுகிறார்கள். அந்த வயதில்தான் கூரையின் ரப்பர் சீல்கள் இறுகிப்போகும், தண்ணீர் வடியும் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். முந்தைய உரிமையாளர் காரைக் கை கழுவுவதும் பெரும்பாலும் அப்போதுதான்.

நான் போய்ப் பார்த்த நாள் நல்ல வெயில். கார் பளபளவென்று கழுவித் துடைத்து நின்றது. விற்பனையாளர் பட்டனை அழுத்தினார், கூரை அழகாக மடிந்து பின்னால் போய் உட்கார்ந்தது. ஆடி ஏ5 போன்ற கார்களில் 15 வினாடியில், வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதுகூட இது நடக்கும். பார்ப்பவர் மனம் அங்கேயே விழுந்துவிடும். ஆனால் திறந்து மூடுவது மோட்டாரும் பம்ப்பும் செய்யும் வேலை. தண்ணீரைத் தடுப்பது சீல்களும் வடிகுழாய்களும். முதல் வேலை ஒழுங்காக நடப்பதால் இரண்டாவதும் ஒழுங்காக இருக்கும் என்று சொல்ல முடியாது. எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிப் பரிசோதனையிலும் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதில்லை. ஆகவே "புதிதாக 12 மாத எம்ஓடி போட்டுத் தருகிறோம்" என்று டீலர் சொல்வதை வைத்து, மழை விஷயத்தில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

வாங்கிய இரண்டாவது வாரம் இரவெல்லாம் மழை. காலையில் பின் இருக்கையின் காலடி விரிப்பை மிதித்தால் தண்ணீர் பொங்கியது. டிக்கியின் ஓரத்திலும் ஈரம். அடுத்த நாள் கூரை பாதி வழியில் நின்று, எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

டீலருக்கு உடனே போன் செய்தேன். "கவலைப்படாதீர்கள், திங்கட்கிழமை கொண்டு வாருங்கள்" என்றார்கள். திங்கட்கிழமை மெக்கானிக் விடுப்பு. அடுத்த வாரம், சீல் ஜெர்மனியிலிருந்து வர வேண்டுமாம். அதன் பிறகு வண்டியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். "வடிகுழாயைச் சுத்தம் செய்துவிட்டோம், இனி வராது" என்று திருப்பித் தந்தபோது வாங்கி ஒரு மாதம் தாண்டியிருந்தது. அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே தண்ணீர். இப்போது குரல் மாறியது. "முப்பது நாள் முடிந்துவிட்டது. துணிக் கூரை என்றால் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும், அது தேய்மானம். வாரண்டியில் கூரை சேராது" என்றார்கள்.

லண்டன் ஹாரோவில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவரிடம் காரைக் காட்டினேன். பின் இருக்கையைக் கழற்றி விரிப்பைத் தூக்கினார். அடியில் இருந்த தடித்த ஸ்பாஞ்ச் முழுக்க நனைந்து நாறியது. இருக்கையைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் துரு ஏறியிருந்தது. கூரையும் கண்ணாடியும் சேரும் ஓரத்தில் யாரோ சிலிகான் பூசி மறைத்திருந்தார்கள். அது புதிதாகப் பூசியது என்பதை விரலால் தொட்டே சொன்னார். "தம்பி, இது நேற்று நனைஞ்ச கார் இல்லை. கனகாலம் நனைஞ்சு கிடந்த கார். வித்தவைக்கு இது தெரியாமல் இருந்திருக்காது" என்றார்.

நனைவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சிலர் கேட்கலாம். இந்தக் கார்கள் பலவற்றில் பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், ஃபியூஸ் பெட்டி, கூரையை இயக்கும் ஹைட்ராலிக் பம்ப் எல்லாம் டிக்கியின் ஓரத்திலும் அடியிலும்தான் இருக்கும். விரிப்புக்குக் கீழே வயர்கள் ஓடும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இணைப்பிகளில் பச்சை பூத்து, ஒரு நாள் ஜன்னல் இறங்காது, மறு நாள் சென்ட்ரல் லாக் வேலை செய்யாது. ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடிவதற்குள் காரின் விலையில் பெரும் பங்கு போய்விடும்.

அதனால் பார்க்கப் போகும்போது இதைச் செய்யுங்கள். பூவாளியோ பெரிய தண்ணீர் பாட்டில்களோ கொண்டு போங்கள். கூரையை மூடிவிட்டு, முன் கண்ணாடியின் மேல் விளிம்பு, பக்க ஜன்னல்களின் மேல், பின் கண்ணாடியைச் சுற்றி என்று ஒவ்வொரு இடமாக நிதானமாக ஊற்றுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். டீலர் மறுத்தால், அருகில் இருக்கும் ஹேண்ட் கார் வாஷுக்கு டெஸ்ட் டிரைவிலேயே ஓட்டிப் போகலாமா என்று கேளுங்கள். அதற்கும் மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

பின் இருக்கையின் சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் பூஞ்சைக் கறை இருந்தால் அந்தக் கார் ஈரத்தில் கிடந்திருக்கிறது. வெளியே தெரியும் பகுதியை யாரும் தேய்த்துக் கழுவிவிடலாம், உருளைக்குள் சுருண்டிருக்கும் பகுதியை அனேகமாக யாரும் தொடுவதில்லை. டிக்கி விரிப்பைத் தூக்கி எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள், ஹைட்ராலிக் கசிவு அங்கே தெரியும். கதவைத் திறக்கும்போது சட்டமில்லாத ஜன்னல் கண்ணாடி சில மில்லிமீட்டர் கீழே இறங்கி, மூடியதும் மேலே ஏற வேண்டும். அது நடக்காவிட்டால் சீல் கிழிந்துகொண்டே இருக்கும். பின் கண்ணாடி துணியோடு ஒட்டியிருக்கும் விளிம்பை மெதுவாக அழுத்திப் பாருங்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால், சில மாடல்களில் கூரைத் துணியையே மாற்றச் சொல்வார்கள். கூரை உலோகத்தில் இருந்தாலும் இந்தச் சோதனை வேண்டும். 2014 முதல் 2020 வரை வந்த பிஎம்டபிள்யூ 4 சீரிஸில் கூரை மூன்று துண்டாக மடியும் உலோகம். அதிலும் சீல்கள் உண்டு.

வாசனைத் திரவியம் தூக்கலாக அடிக்கும் காரில் கூடுதல் கவனம் தேவை. ஏசியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈரம் இருந்தால் கண்ணாடியில் ஆவி படியும்.

சரி, ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு வருகிறேன். 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலரிடம் வாங்கிய கார் திருப்திகரமான தரத்தில் இல்லையென்றால், 30 நாளுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். பழைய காருக்கும் இது பொருந்தும், ஆனால் அதன் வயதையும் விலையையும் கணக்கில் எடுப்பார்கள். "பார்த்தபடியே விற்கப்பட்டது" என்று டீலர் பில்லில் எழுதினாலும் இந்த உரிமை போகாது. தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே வீட்டு வாசலில் நின்று தன்னைத் தனியார் என்று சொல்லி விற்பவர், உண்மையில் வியாபாரியா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

டீலர்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த 30 நாளுக்குள் நீங்கள் பழுது பார்க்கக் கேட்டால், வண்டி சரிசெய்யப்பட்டு உங்கள் கைக்கு வரும் வரை கடிகாரம் நிற்கும். திரும்பி வந்த பிறகு குறைந்தது ஏழு நாளாவது உங்களுக்கு மிச்சம் இருக்கும். இதை எனக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பில் விளக்கினார்கள். அன்றிரவே காரை நிராகரிப்பதாக மின்னஞ்சல் அனுப்பினேன். இதற்குப் போன் போதாது. எப்போது ஒழுகியது, எப்போது சொன்னீர்கள், எப்போது கொண்டு போனீர்கள், எப்போது திரும்பி வந்தது, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். நிராகரித்த பிறகு அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

இந்த 30 நாள் உரிமைக்கு, குறை ஒப்படைக்கும்போதே இருந்தது என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும். நாள் கடந்து பழுது பார்ப்பு, விலைக் குறைப்பு என்று போகும்போது, முதல் ஆறு மாதத்துக்குக் குறை ஆரம்பத்திலேயே இருந்ததாகச் சட்டமே எடுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வழியில் பிறகு காரைத் திருப்பிக் கொடுத்தால், ஓட்டியதற்கு ஒரு தொகையைக் கழிக்கலாம். எனவே சுயாதீனப் பரிசோதகர் ஒருவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிவிடுங்கள். துருப்பிடித்த போல்ட்டும் பூசிய சிலிகானும் அந்த அறிக்கையில் படத்தோடு இருந்ததுதான் என் கோரிக்கையைக் காப்பாற்றியது.

டீலர் மின்னஞ்சலுக்குப் பதிலே தரவில்லை. நான் முன்பணமாக 500 பவுண்டை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன், மீதி வங்கி வழியாகப் போனது. 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்கு மிகாமல் இருந்தால், அதில் சிறு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் கார்டு நிறுவனம் கூட்டாகப் பொறுப்பு. டெபிட் கார்டுக்கு இது இல்லை. பிசிபி, எச்பி போன்ற தவணை முறையில் எடுத்திருந்தால் நிதி நிறுவனத்திடமே நேராகக் கேட்கலாம். எட்டு வாரத்தில் சரியான பதில் வராவிட்டால் நிதி நிறுவனங்கள் மீதான புகார்களைத் தீர்க்கும் ஃபைனான்ஷியல் ஓம்பட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. மலிவாகக் கிடைக்கும் டீசல் கன்வர்ட்டிபிள் பல யூரோ 6 என்ற புகை மாசுத் தரத்துக்கு முந்தையவை. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா பரோக்களும் (உள்ளாட்சிப் பகுதிகளும்), புகை மாசு அதிகமுள்ள வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டன, அப்படிப்பட்ட காரை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. அப்புறம், 2017 ஏப்ரல் 1 முதல் பதிவாகி, புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டிய காருக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரை கூடுதல் சாலை வரி உண்டு. 2025-26-இல் அது 425 பவுண்டு. நீங்கள் பாதி விலைக்கு வாங்கினாலும் அது குறையாது.

கார்டு நிறுவனம் பல மாத இழுபறிக்குப் பிறகு முழு விலையையும் பரிசோதகர் கட்டணத்தையும் தந்தது. டீலர் வந்து காரை எடுத்துப் போனார். சில வாரம் கழித்து அதே காரை, அதே படங்களோடு, "கூரை சிறப்பாக இயங்குகிறது" என்ற அதே வரியோடு மறுபடி விளம்பரத்தில் பார்த்தேன். வியாபாரிகளின் ஏமாற்று வேலைகளை விசாரிக்கும் அரசுத் துறையான டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸிடம் பொதுமக்கள் நேராகப் புகார் தருவதைவிட சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் வழியாகச் சொல்வதுதான் முறை, அவர்கள் விவரத்தை அங்கே அனுப்பி வைப்பார்கள். பரிசோதகர் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, விளம்பரத்தின் படத்தையும் எடுத்து, அவர்களிடம் புகார் பதிவு செய்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் நீங்களும் பதிவு செய்யுங்கள், எண் 0808 223 1133.