செருப்பை உயர்த்தித் தரும் களியக்காவிளைக் கடை

இடுப்பு மூட்டு தேய்ந்து என் இடது கால் 2 செ.மீ. குட்டையாகிவிட்டது. ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று மாதம். அதுவரை செருப்பை உயர்த்திப் போடச் சொன்னார் டாக்டர். களியக்காவிளையில் கேரள எல்லையை ஒட்டிய சின்னக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் என் இடது காலடியில் பலகைத் துண்டுகளை அடுக்கி, இடுப்பு சமமாகும்வரை பார்த்துத்தான் அளவெடுத்தார். "முழுசும் ஒரேயடியா வேண்டாம் சேச்சி, முதுகு பிடிச்சுக்கும்" என்று முதலில் 1 செ.மீ. மட்டும் ஒட்டினார். குதிகாலில் மட்டும் ஒட்டியதால் பாதம் முன்னே சறுக்கியது. சொன்னதும் காசு வாங்காமல் அடி முழுவதும் வைத்துக் கொடுத்தார். இப்போது சந்தைக்கு நடந்தே போகிறேன். வார் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. அப்புறம், விலையுயர்ந்த செருப்பில் இதைச் செய்யாதீர்கள். ஆபரேஷனில் கால் நீளம் மாறும், மறுபடி அளக்க வேண்டிவரும்.