பாலக்கோடு பக்கம் ஆர்.ஓ. மெஷின் வாங்குகிறவர்கள் அந்தத் திருகைப் பாருங்கள்

நிலத்திலேயே கொட்டாய் போட்டுக் குடியிருக்கிறோம். ஒகேனக்கல் குடிநீர்க் குழாய் எங்கள் வீடு வரை இல்லை, போர் தண்ணீர்தான். போன வருஷம் 16,000 ரூபாய் கொடுத்து எட்டு லிட்டர் ஆர்.ஓ. மெஷின் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற விஷயம் பல மாடல்களில் இருக்கிறது.

மாமியார் சின்ன வயதில் குடித்தது நாற்பதடிக் கிணற்றுத் தண்ணீர். அவருக்குப் பல்லில் ஒரு கறை கிடையாது. கிணறு வற்ற, தக்காளிக்காக போர் மேல் போர் போட்டு 900 அடிக்கு இறங்கிவிட்டோம். அவ்வளவு ஆழத்தில் பாறைக்குள் வெகுகாலம் கிடந்த தண்ணீரில் புளோரைடு கரைந்திருக்கிறது. அதைக் குடித்து வளர்ந்த என் மகளுக்கு முன்பல்லில் காவிக் கோடுகள். பல் ஈறுக்குள் உருவாகும்போதே விழுந்த கறை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கொதிக்க வைத்தால் சரியாகும் என்று இருந்தேன். தண்ணீர் சுண்டுமே தவிர புளோரைடு அப்படியே நிற்கும்.

மெஷினைப் பொருத்த வந்த பையன், "தண்ணி சப்புன்னு இருக்கும்க்கா" என்று டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு, எவ்வளவு இருக்க வேண்டும் என்று வைக்கிற திருகைத் திறந்து 400-இல் வைத்துவிட்டுப் போனான். 1,100-இலிருந்து 400 என்றதும் எனக்கும் திருப்தி. ஆறு மாதம் கழித்துத்தான் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தேன். போர் தண்ணீரில் லிட்டருக்கு 4.2 மில்லிகிராம் புளோரைடு, மெஷின் தண்ணீரில் 1.6. நம் நாட்டுத் தரப்படி 1 தான் அளவு, வேறு வழியே இல்லையென்றால் 1.5. அந்தத் திருகைத் திறந்தால், உப்பை வடிகட்டுகிற சவ்வு வழியாகப் போகாத தண்ணீரும் வந்து கலக்கிறது. டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், புளோரைடைத் தனியாகக் காட்டாது. அதைச் சொல்லாமல் போனதற்குத்தான் எனக்கு ஆறவே இல்லை. ஆறு மாதம் பிள்ளைகள் குடித்தார்களே.

திருகை முழுக்க மூடிய பிறகு 0.3. சப்பென்றுதான் இருக்கிறது, பழகிவிட்டது.

மற்றபடி மெஷின் நல்ல மெஷின். சோறு, பருப்புக்கும் இதே தண்ணீர்தான், அதனால் எட்டு லிட்டர் போதாது. ராத்திரியே எவர்சில்வர் குடத்தில் பிடித்து வைக்கிறேன். ஒரு குடத்துக்கு இரண்டு குடம் கழிவுநீர் போகிறது. அதில் புளோரைடு இன்னும் அதிகம், மாட்டுத் தொட்டியில் ஊற்றாதீர்கள். நான் தரை கழுவ வைத்துக்கொள்கிறேன்.

மெஷினுக்கு ஐந்தில் நான்கு, பொருத்திக் கொடுத்த சேவைக்கு ஒன்று. சின்னவனுக்கு மூன்று வயது, நிலைப்பற்கள் இப்போதுதான் உள்ளே உருவாகின்றன. அடுத்த மாதம் மறுபடி தண்ணீரை ஆய்வுக்குக் கொடுக்கிறேன்.